ரயிலடி அங்காடியில் மூச்சு விட்டவர்கள்

அன்று காலை ரயிலடி அங்காடியில் பதினோரு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் பொருத்தியிருந்த மூச்சுமானி அப்படித்தான் காட்டியது. கூடத்தின் காற்றில் சேரும் கரியமில வாயுவை அளந்து, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடும் கருவி அது. செம்மேடு நகரத்தில் அது இல்லாத கட்டடம் கிடையாது. செவ்வாய்க் கோளில் காற்று தானாகக் கிடைப்பதில்லை. பனிக்கட்டியை வெட்டி எடுத்து, உருக்கி, பிரித்துத்தான் செய்யவேண்டும். ஆகவே எவர் எங்கே எவ்வளவு மூச்சு இழுக்கிறார் என்பது காற்று வாரியத்துக்குத் தெரிந்தாக வேண்டும்.

அங்காடியின் பொறுப்பாளர் பூங்கோதை அந்த எண்ணைப் பார்த்தாள். ஒன்பது கடைக்காரர்கள், அவள் ஒருத்தி, போக மீதி ஒரே ஓர் ஆள். அவரும் பொருள் வாங்க வந்தவரல்ல. தலைக்கவசத்தின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டதென்று மாற்ற வந்தவர்.

நூற்று நாற்பது கடைகள் இருந்த இடம் அது. அதற்கும் முன்னால் ரயில் நிலையம். கொங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதல் தலைமுறை, வடக்கே பனிச்சுரங்கத்திலிருந்து நகரத்துக்கு ரயில்பாதை போட்டபோது, பாதை முடிகிற இடத்தில் இந்தக் கூடத்தைக் கட்டியது. கருங்கல்லை அறுத்து, வில்லாக வளைத்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து எழுப்பிய கூரை. அதன்மேல் நாலு ஆள் உயரத்துக்குச் செம்மண். உள்ளே காற்றை நிரப்பியதும் குடியேறியவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து பார்த்தார்களாம். அதுவரை குழாய்களிலும் பெட்டிகளிலும் குனிந்து வாழ்ந்தவர்கள். முந்நூறு அடி எடுத்துவைத்து நேராக நடக்க முடிந்ததும் பலர் அழுதார்கள் என்று வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

மேற்குக் கோடியில் கல் இல்லை, கண்ணாடி. செவ்வாய் மணலை உருக்கிச் செய்த ஒற்றைச் சாளரம், ஏழு மாடி உயரம். செவ்வாயில் பகல் வானம் காவி நிறம். சூரியன் மறையும்போது மட்டும் அதைச் சுற்றி நீலம் படரும். அந்த நீலம் சாளரத்தின் வழியாக விழுந்து, பழைய நடைமேடை முழுவதும் நீண்டு, கிழக்குச் சுவரைத் தொட்டு அணையும். அந்தக் காட்சி செம்மேட்டில் எல்லா வீட்டுச் சுவரிலும் படமாகத் தொங்கியது. 

பனிச்சுரங்கத்துக்குக் குழாய் போட்டபிறகு ரயில் நின்றது. நடைமேடைகளில் கடைகள் வந்தன. இரண்டு தலைமுறை அங்கே பண்டம் வாங்கியது, பெண் பார்த்தது, சண்டை போட்டது, சேர்ந்துகொண்டது. பிறகு வீட்டுக்கு வீடு அச்சுப்பெட்டி வந்துவிட்டது. சட்டையானாலும் சட்டியானாலும் பெட்டியே அச்சிட்டுத் தந்தது. கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 

பூங்கோதை பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள் வேலைக்காக அங்கே வந்தவள். காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் தொழிலாளி. கூரைக்குள் ஓடும் குழாயில் கசிவைத் தேடி ஏறியவள், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நகம்கூட நுழையாததைக் கண்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டாள். கட்டியவர்கள் கவசக் கையுறை போட்டுக்கொண்டல்லவா இதைச் செதுக்கியிருக்கிறார்கள்! கீழே இறங்கியதும் வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள். இப்போது நாற்பத்தேழு வயது. பொறுப்பாளர் என்று பெயர்தான். குழாய் பார்ப்பதும் தரை துடைப்பதும் அவளேதான்.

அந்தப் பதினோராவது ஆள் ரப்பர் வளையத்தை மாற்றிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இங்க பொறுப்பு யாருங்க?"

"நான்தானுங்க. பூங்கோதை."

"நான் நாச்சிமுத்து. காற்று வாரியத்துல மறுசீரமைப்பு ஆணையர். வழக்கமா பதிலுடலைத்தான் அனுப்பறதுங்க. அதுக்கு முழங்கால் பழுது. அதனால நானே வரவேண்டியதாப் போச்சு."

பதிலுடல் என்பது செம்மேட்டில் பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் நகராட்சி கொடுக்கும் உலோக உடல். மனிதன் கவசம் மாட்டி வெளியே போவது காற்றுக்குக் கேடு, உயிருக்கும் ஆபத்து. மூச்சு விடாத உடல் போய்வரட்டுமே என்று முதலில் சுரங்க வேலைக்காகச் செய்தார்கள். பிறகு அலுவலகத்துக்கு, கலியாணத்துக்கு, துக்கம் விசாரிக்க என்று அது எங்கும் போகத் தொடங்கியது. உரியவரின் பேச்சு, ரசனை, கூச்சம், கோபம் எல்லாம் அதில் பதிக்கப்பட்டிருக்கும். காலையில் அனுப்பினால் மாலையில் திரும்பும். அதன் பக்கத்தில் நான்கு நிமிடம் படுத்தால் அன்று அது பார்த்ததெல்லாம் உரியவரின் தலைக்குள் ஏறிவிடும். இதற்கு நினைவேற்றம் என்று பெயர். அதன்பிறகு போய்வந்ததற்கும் போகாததற்கும் வித்தியாசம் இல்லை. பதிலுடல் வந்தால் உரியவரே வந்ததாகத்தான் சட்டமும் சொன்னது.

நாச்சிமுத்து சொல்ல வந்ததைச் சொல்லாமல் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதுக்காரர். கழுத்து வலித்திருக்க வேண்டும், பிடரியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"படத்துல பாத்திருக்கறனுங்க. இத்தனை பெருசுன்னு தெரியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இடிக்கறதா முடிவாயிருக்குதுங்க அம்மணி. கூடத்துக்குள்ள நாலு லட்சம் கன மீட்டர் காத்து சும்மா நிக்குது. ஊருக்குள்ள எல்லாரும் வீட்டுக்கு ஒரு ரூம் கூடுதலா கேக்கறாங்க."

"எதுக்குங்க ரூமு?"

"பதிலுடலை நிறுத்தறதுக்கு. பக்கத்துல படுத்து நினைவேத்தணுமல்ல?"

"இடிக்காம இருக்க வழியே இல்லீங்களா?"

"ஒண்ணு இருக்குது. வர்ற வெள்ளிக்கிழமை, சூரியன் உதிச்சு மறையறதுக்குள்ள பத்தாயிரம் பேர் வருகை தந்தா, கூடத்தை அப்படியே வெச்சு, கடையெல்லாம் சீர்படுத்தித் தரணும்னு தீர்மானம் போட்டிருக்காங்க. பத்தாயிரம் பேருங்க. பாத்துக்குங்க."

செய்தி பரவியதும் செம்மேடு கொதித்தது. ஒரே நாளில் மூன்று லட்சம் பேர் அங்காடியை இடிக்கக் கூடாதென்று கையெழுத்திட்டார்கள். நகரத்தின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சம். நீலச் சாளரத்தின் படத்தைத் தங்கள் கதவுகளில் ஒளிரவிட்டார்கள். தன் பெற்றோர் சந்தித்துக்கொண்டது அங்கேதான் என்று ஒருவர் உருகினார். அங்கே ஒருமுறையாவது போகவேண்டும் என்பதே தன் வாழ்நாள் ஆசை என்று பத்து நிமிட நடைத் தொலைவில் இருந்த ஒருவர் எழுதினார்.

பூங்கோதை அத்தனை பேருக்கும் ஒரே செய்திதான் அனுப்பினாள்: நேரில் வாருங்கள்.

"கண்டிப்பா நேர்ல வர்றோம்" என்றார்கள் எல்லாரும்.

"நானே வர்றேன் கோதை. உனக்காக வரமாட்டேனா?" என்றான் அவள் கணவன் குழந்தைவேலு. 

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே வாசல் நிறைந்துவிட்டது. கதவைத் திறந்ததும் கூட்டம் உள்ளே பெருகியது. இருபது ஆண்டுகளாகக் கேட்காத காலடியோசை கூரையில் மோதித் திரும்பியது. டீக்கடை சலீமா கல்லாவை விட்டு வெளியே ஓடிவந்து பூங்கோதையைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, செயிச்சுட்டோம்க்கா!"

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சுமானியைப் பார்த்தாள்.

பதினாலு.

கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டினாள். பதினாலுதான். ஒன்பது கடைக்காரர்கள், அவள், நாச்சிமுத்து, கைக்குழந்தையோடு ஒரு பெண், எதற்கு இவ்வளவு நெரிசல் என்று தெரியாமல் விழித்த ஒரு மனிதர். மற்றவை அத்தனையும் பதிலுடல்கள்.

அவற்றில் ஒன்று கோடு போட்ட நீலச் சட்டை அணிந்து அவளை நோக்கி வந்தது. அந்தச் சட்டையை அவள்தான் முந்தின நாள் மடித்து வைத்திருந்தாள்.

"சொன்ன மாதிரியே வந்துட்டேன் பாத்தியா?" என்றது குழந்தைவேலுவின் குரலில்.

அது நீட்டிய கையைத் தட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் குழாய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே வந்தபோது நாச்சிமுத்து நடைமேடையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பதிலுடலின் முழங்கால் புதன்கிழமையே சரியாகிவிட்டிருந்தது. ஆனாலும் அவரேதான் வந்திருந்தார். 

"இங்க பாருங்க அம்மணி" என்றார்.

வந்தவை வெறுமனே நிற்கவில்லை. எண்ணி முடிக்கும்வரை இருந்துவிட்டு வா என்றுதான் எல்லாவற்றுக்கும் கட்டளை. ஆனால் உரியவர்களின் ரசனை அவற்றுக்குள் இருந்ததே! ஆயிரக்கணக்கான உலோக முகங்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்தன. ஒன்று தூணில் உள்ளங்கையை வைத்து, கல்லின் வழவழப்பைத் தடவியது. பழைய தண்டவாளத்தின்மேல் இரண்டு கைகோத்து நடந்தன. சலீமாவின் கடையில் வரிசை நின்றது. குடிக்க முடியாது. ஆனாலும் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, சூடு ஆறும்வரை வைத்திருந்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தன. சலீமா தொள்ளாயிரம் டீ போட்டாள். தொள்ளாயிரத்தையும் கீழே ஊற்றினாள்.

மாலையில் நீலம் விழுந்தது. அறுபதினாயிரம் உலோகத் தலைகள் ஒரே சமயத்தில் மேற்கே திரும்பின. பூங்கோதைக்கு அவற்றின்மேல் இருந்த கோபம் போய்விட்டது. இவை பார்க்கின்றன. முழுதாகப் பார்க்கின்றன. இன்னும் சிறிது நேரத்தில் இந்த அழகு அறுபதினாயிரம் கட்டில்களில் நான்கு நிமிடத்தில் ஏறி முடிந்துவிடும்.

"எத்தனைங்க?" என்று கேட்டாள்.

"அறுபத்திரண்டாயிரத்து நானூத்திப் பதினெட்டு."

"இது வருகையாங்க?"

நாச்சிமுத்து யோசிக்கவில்லை. அதை அவர் காலையிலிருந்தே யோசித்து முடித்திருந்தார். "இவங்க வரலீன்னு நான் எழுதினா, இந்தத் தீர்மானம் போட்ட கூட்டத்துக்கும் யாரும் வரலீன்னு ஆயிருமுங்க. ஏழு உறுப்பினரும் பதிலுடலைத்தான் அனுப்பியிருந்தாங்க. அப்புறம் இந்த ஊர்ல முப்பது வருசமா எவனும் ஆபீசுக்குப் போகலீன்னு ஆயிரும். வருகைதானுங்க அம்மணி. அங்காடி நிக்குது."

ஊர் கொண்டாடியது. அவரவர் வீட்டில் படுத்தபடி கொண்டாடினார்கள். நீலத்தை நேரில் பார்த்ததை ஒருவருக்கொருவர் வருணித்தார்கள். குழந்தைவேலு அன்றிரவு சாப்பிடும்போது, "என்ன அழகு கோதை! இத்தனை நாளா போகாம இருந்துட்டேனே!" என்று உண்மையாகவே கண்கலங்கினான். அவள் அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

ஐந்து வாரம் கழித்து மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. கல்லைத் தூய்மைசெய்வது, கடைகளுக்குப் புது முகப்பு, தண்டவாளத்துக்கு மெருகு என்று அவள் கனவு கண்டதெல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: 'வருகையாளர்களுக்குக் காற்று தேவைப்படவில்லை என்பதை வருகை நாளன்று மூச்சுமானியே உறுதிசெய்துள்ளது. ஆகவே கூடத்தின் காற்றை முழுவதும் எடுத்து, வீடுகளின் கூடுதல் அறைகளுக்கு வழங்கலாம். அங்காடியும் நிலைக்கும், அறைகளும் கிடைக்கும்.'

"அப்ப நானு?" என்றாள் சலீமா.

"கவசம் போட்டுட்டு டீ விக்கலாமாம்."

"காத்தில்லாத எடத்துல தண்ணி சூடே இல்லாம கொதிச்சுப் போயிருமேக்கா. அதுல எங்க டீ போடறது?"

பூங்கோதை வாரியத்துக்கு எழுதினாள். நாச்சிமுத்துவும் எழுதினார். உறுப்பினர்களுக்கு அவர்கள் வருத்தம் புரியவில்லை. அங்காடியைக் காப்பாற்றித்தானே இருக்கிறோம், அதன் ஒரு கல்லையும் தொடவில்லையே என்றார்கள். 

ஒரு வழி இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. உள்ளே நிறைந்திருக்கும் காற்றுதான் கூரையின் பாரத்தைத் தாங்குகிறது என்றால் அதை எடுக்க முடியாதல்லவா? நான்கு நாள் பழைய வரைபடங்களைப் புரட்டினாள். கட்டியவர்கள் அதையும் நினைத்திருந்தார்கள். என்றைக்காவது கசிவு ஏற்பட்டுக் காற்று முழுக்க வெளியேறினாலும் கூரை இறங்கிவிடக் கூடாதென்று ஒவ்வொரு வளைவையும் தன் காலிலேயே நிற்கும்படி கணித்திருந்தார்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: 'ஐந்நூறு ஆண்டு நிற்கும்.' பூங்கோதை வரைபடத்தை மூடினாள். அந்தப் பெயர் தெரியாத பொறியாளரை நினைத்துப் பெருமையாக இருந்தது. இவ்வளவு நன்றாகக் கட்டியிருக்க வேண்டாமே என்றும் இருந்தது.

காற்றெடுப்புக்குப் பதினைந்து நாள் முன்பே அறிவிப்பு ஒட்டவேண்டும் என்பது விதி. வாரியம் அனுப்பிய நான்கு பக்க அறிவிப்பை அவள் வாசலில் ஒட்டினாள். யாரும் படிக்கவில்லை. 

கடைசி நாள் காலையில் சலீமா பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். 

"ஏங்க்கா, இதை யாரு படிப்பாங்க? நாம போறது நாலு பேருக்காவது தெரிய வேண்டாமா? சுருக்கமா, கொட்டை எழுத்துல எழுதிப் போடுங்க."

குழாய்க்கு அடிக்கும் சிவப்புச் சாயம் இருந்தது. ஒரு பழைய கடை விரிப்பை எடுத்து, பூங்கோதை அதில் பெரிதாக எழுதினாள்:

'இங்கே மூச்சு விட இன்றே கடைசி.'

எழுதும்போது அவள் மனத்தில் எந்தத் திட்டமும் இல்லை. வருத்தம்தான் இருந்தது. விரிப்பை வாசலுக்கு மேலே கட்டிவிட்டு, உள்ளே போய்த் தரை துடைத்தாள்.

அந்த வழியே போன பதிலுடல் ஒன்று அதைப் படித்தது. உரியவருக்கு உடனே தகவல் அனுப்பியது. மூச்சு விடுவது ஒன்றுதான் பதிலுடலால் செய்ய முடியாத காரியம். அனுப்பிவைத்து நினைவேற்றிக்கொள்ள முடியாது. ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்க அந்த ஐந்து சொற்களும் பரவிவிட்டன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் இடமில்லை. 

முதலில் ஐந்தாறு பேர் வந்தார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக. சுரங்கப்பாதைகளில் நடந்து பழகாதவர்கள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்கள். பத்து மணிக்கு மூச்சுமானி இரண்டாயிரத்தைத் தாண்டியது. நண்பகலில் பதினெட்டாயிரம். 

காற்று கனத்தது. கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி உட்கார்ந்தாள். பூங்கோதை குழாய் அறைக்கு ஓடினாள். கூடத்துக்கு நான்கு பெரிய விசிறிகள். பத்தொன்பது ஆண்டுகளாக அவற்றுக்கு வேலையே வந்ததில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் அவள் எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். மூன்று உடனே சுழன்றன. நான்காவது முனகிவிட்டு நின்றது. அவள் தோள்வரை கையை உள்ளே விட்டு, இறகில் சிக்கியிருந்த செம்மண் கட்டியைப் பெயர்த்தாள். முழங்கை கிழிந்தது. விசிறி உறுமிக்கொண்டு சுழன்றது. கூடத்தில் காற்று அசைந்தது. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் 'அப்பாடா' என்றது சுவருக்கு இந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டது.

வெளியே வந்தவளின் எதிரே குழந்தைவேலு நின்றுகொண்டிருந்தான். தூணில் சாய்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினான். முகமெல்லாம் வியர்வை.

"ஏனுங்க, நீங்களா?"

"நானேதான். கால் ரண்டும் விட்டுப்போச்சு கோதை. இத்தனை தூரத்தையா தினம் நடக்கறே?"

அவள் அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது, துடித்தது. சிரித்துவிட்டாள். அவன் அவள் முழங்கை ரத்தத்தைப் பார்த்துப் பதறி, சட்டை ஓரத்தைக் கிழிக்கப் பார்த்தான். முடியவில்லை. அச்சுப்பெட்டிச் சட்டை கிழியாது. 

சலீமா கட்டிய பாத்திரங்களை அவிழ்த்துவிட்டாள். அன்று ஒரு டீயையும் அவள் கீழே ஊற்றவில்லை. பிள்ளைகள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடினார்கள், திரும்பி ஓடினார்கள். மாலையில் நீலம் வந்தபோது மூச்சுமானியில் முப்பத்தோராயிரம். முன்பு உலோகத் தலைகள் பார்த்ததைப்போல் இவர்கள் அவ்வளவு ஒழுங்காகப் பார்க்கவில்லை. பாதிப் பேர் கையை உயர்த்திப் படம்பிடித்தார்கள். சிலர் தும்மினார்கள், ஒரு குழந்தை அழுதது. ஆனால் கிழக்குச் சுவரில் நீலம் அணைந்ததும் ஒருவர் பின் ஒருவராக, சொல்லிவைத்ததுபோல் ஆழ்ந்து மூச்சிழுத்தார்கள். ஏழு மாடி உயரக் கூடம் ஒருமுறை விம்மித் தணிந்ததைப் போலிருந்தது. 

மறுநாள் காற்றெடுக்கும் வண்டிகளுக்கு முன்பாக நாச்சிமுத்து வந்துசேர்ந்தார். கையில் நூறாண்டுப் பழைய பாதுகாப்புச் சட்டம். எந்தக் கூடத்திலாவது ஒரு மாதத்தில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் மூச்சு விட்டதாகப் பதிவானால், அடுத்த மாதம் முடியும்வரை அங்கிருந்து காற்றை எடுக்கக் கூடாது. வண்டிகள் திரும்பின.

அடுத்த மாதம் அங்காடியில் மறுபடி பன்னிரண்டு பேர், பதினாலு பேர். மாதம் முடியும்போது காற்றெடுப்பு ஆணை தானாகவே உயிர்பெறவிருந்தது. பூங்கோதை விதிப்படி அறிவிப்பை ஒட்டினாள். கடைசி நாளன்று விரிப்பைக் கட்டினாள். முப்பத்தாறாயிரம் பேர் வந்தார்கள். சென்ற மாதம் வரமுடியாமல் போனவர்கள் வந்தார்கள், வந்துபோனவர்களும் வந்தார்கள். ஆணை தள்ளிப்போயிற்று. அதற்கடுத்த மாதம் நாற்பதாயிரம்.

அவள் ஒருமுறையும் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு கடைசி நாளும் உண்மையிலேயே கடைசி நாளாகத்தான் இருந்தது. கூட்டம் வரவில்லையென்றால் காற்று போய்விடும். வந்தவர்களுக்கும் அது தெரியும். போன மாதமும் இப்படித்தானே சொன்னார்கள் என்று சிரித்துக்கொண்டே வந்தார்கள், ஒருவேளை இந்தத் தடவை மெய்யாகவே கடைசியாகிவிட்டால் என்று அஞ்சிக்கொண்டும் வந்தார்கள். ஒன்பது கடை எண்பத்தாறு கடையானது. முடிவெட்டும் கடை வந்தது, கொள்ளு வடைக்கடை வந்தது, சும்மா உட்கார்ந்து பேச மட்டுமே நாற்காலி போட்ட கடை ஒன்றும் வந்தது. கூரைக்கல்லைத் துடைத்து முடித்தார்கள். மூடப்போகும் அங்காடி என்று பெயரெடுத்து அது செழித்தது.

எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், நாச்சிமுத்து சிரித்த முகத்துடன் வந்தார். ஒரு காகிதத்தை அவள் கையில் கொடுத்தார்.

"நல்ல சேதி அம்மணி. மக்கள் ஆதரவைப் பாத்து வாரியம் மனசு மாறிருச்சு. காற்றெடுப்பு ஆணையை அடியோட ரத்து பண்ணிட்டாங்க. இனி ஒருத்தரும் உங்களைத் தொட முடியாது. எந்நாளைக்கும் அங்காடி இருக்கும்."

பூங்கோதை படித்தாள். எட்டிப் பார்த்த சலீமா வாயைப் பொத்திக்கொண்டாள். இருவர் முகமும் வெளுத்துப் போனதைக் கண்டு அவர் திகைத்தார்.

"ஏனுங்க, சந்தோசமில்லீங்களா?"

"எந்நாளைக்கும் இருக்கும்னு தெரிஞ்சா எவருங்க வருவாங்க?" என்றாள் பூங்கோதை. "இருவது வருசமா எந்நாளைக்கும் இருக்கும்னுதானே ஒருத்தரும் வரலை! உங்களுக்குக் கோடிப் புண்ணியம், எங்களைக் காப்பாத்திப் போடாதீங்க. பழைய ஆணையே இருக்கட்டும்."

"இடிக்காம இருக்கச் சொல்லி மனுக் குடுத்தவங்களைப் பாத்திருக்கறேன். மூடற ஆணையை ரத்து பண்ணாதீங்கன்னு யாரும் கேட்டதில்லீங்க."

"நான் கேக்கறனுங்க."

நாச்சிமுத்து கூரையை அண்ணாந்து பார்த்தார். வெறிச்சென்றிருந்த நடைமேடையைப் பார்த்தார். அவருக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. காகிதத்தை அவளிடமிருந்து வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். 

"சரிங்க. பொறுப்பாளர் ஆட்சேபம் தெரிவிச்சுட்டாங்க, ரத்து ஆணை நிலுவையிலன்னு எழுதிக்கறேன். நிலுவையில வெச்சா எங்க ஆபீசுல ஐம்பது வருசத்துக்கு ஒருத்தரும் எடுத்துப் பாக்கமாட்டாங்க." நகரப் போனவர் சற்றுத் தயங்கினார். "அப்ப அடுத்த கடைசி நாள் என்னைக்குங்க அம்மணி? என்ற சம்சாரம் கேட்டுட்டு வரச் சொன்னா. இதுவரைக்கும் அவ பாத்ததே இல்லை."

"வீடு பக்கத்துலதானேங்க? இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. கூட்டமே இல்லை, நல்லா ஆற அமரப் பாக்கலாம்."

நாச்சிமுத்து சங்கடத்தோடு கையைப் பிசைந்தார்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேனுங்க. கடைசி நாளுக்குத்தான் வருவாளாம்."